டேட்டாபேஸ், எக்செல், ரிப்போர்ட்: மொத்தம் மாறாமல் அப்டேட் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிய பதிப்பு வந்துவிட்டது என்றதும் நம்மில் பலர் முதலில் தேடுவது, புதிதாக என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைத்தான். ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுப்பவருக்கோ வேறு கேள்வி. போன மாதத்துக்கு நேற்று காட்டிய மொத்தத்தையே இன்றும் காட்டுமா? அப்டேட் முடிந்து எல்லாம் ஓடுகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஆனால் தொகை மட்டும் கொஞ்சம் வேறாக இருக்கிறது என்றால் அதுதான் பெரிய ஆபத்து. நின்றுபோன சர்வரை எல்லோரும் கவனிப்பார்கள். தப்பான மொத்தத்தை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

டேட்டாபேஸ், அதனுடன் பேசும் டிரைவர், ரிப்போர்ட் மென்பொருள், கடைசியில் யாரோ ஒருவர் திறக்கும் எக்செல் ஷீட் என்று எண்கள் நான்கு கை மாறித்தான் நம்மிடம் வருகின்றன. இவை ஒவ்வொன்றிலும் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரிய மாற்றங்கள் வந்துள்ளன. அவற்றைத் தனித்தனியாகப் படிப்பதைவிட, ஒரே ஓட்டமாக எடுத்துக்கொண்டு எந்த வரிசையில் எதை மாற்றுவது, ஒவ்வொரு கட்டத்திலும் எதைச் சரிபார்ப்பது என்று பார்ப்பதுதான் பயன் தரும். இந்த வழிகாட்டி அப்படித்தான் போகிறது.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டிலும் பதிப்பைக் கேட்க ஒரு வரி க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) போதும். எக்செலில் ஃபைல் மெனுவின் அக்கவுண்ட் பக்கத்தில் பதிப்பு எண்ணும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் தெரியும். பிட் விவரத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். 64 பிட் எக்செலுக்கு 64 பிட் ஓடிபிசி டிரைவர்தான் (டேட்டாபேஸோடு இணைக்கும் பொதுவான டிரைவர் வகை) கண்ணில் படும். "டிரைவர் இன்ஸ்டால் செய்தேன், ஆனால் பட்டியலில் வரவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பக்கத்தில் ஆதரவு முடியும் தேதியையும் எழுதுங்கள். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. ஆபீஸ் 2021-க்கு 2026 அக்டோபர் 13. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரிலேயே முடிந்தது, 8.0-க்கு 2026 ஏப்ரல். மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் 2016-க்கு 2026 ஜூலை 14. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு தருகிறது. அதன்படி 13-க்கு 2025 நவம்பர், 14-க்கு 2026 நவம்பர்.

எதை முதலில் தொடுவது என்பதை இந்தத் தேதிகளே சொல்லிவிடும். ஆதரவு முடிந்த டேட்டாபேஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆதரவு இன்னும் நிறைய இருக்கும் ஒன்றை, புதிய வசதி ஒன்றுக்காக மட்டும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் மாற்ற வேண்டாம்.

படி 2: இன்றைய விடைகளைச் சேமியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

கணக்கு முடித்துப் பூட்டிய ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். நடப்பு மாதம் வேண்டாம். அதில் இன்னும் பதிவுகள் வந்துகொண்டிருக்கும், பிறகு வித்தியாசம் அப்டேட்டால் வந்ததா, புதிய பதிவால் வந்ததா என்று சொல்ல முடியாது. அந்த மாதத்துக்கு, முக்கியமான ஒவ்வொரு டேபிளிலிருந்தும் சில எண்களை எடுங்கள்: மொத்த வரிகளின் (ரோ) எண்ணிக்கை, தொகைக் காலத்தின் (காலம் என்றால் இங்கே செங்குத்து நெடுவரிசை) கூட்டல், மிகப் பழைய தேதி, மிகப் புதிய தேதி, காலியாக இருக்கும் மதிப்புகளின் எண்ணிக்கை, தனித்தனி வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை.

வெறும் கூட்டல் மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு வரி விடுபட்டு இன்னொரு வரி இரட்டித்தால் கூட்டல் ஏறக்குறைய அதேயாக வரக்கூடும். நேர மண்டல அமைப்பு மாறியிருந்தால் மாதத்தின் முதல் சில மணி நேரப் பதிவுகள் முந்தைய மாதத்துக்குத் தாவிவிடும், அதைப் பழைய தேதியும் புதிய தேதியும்தான் காட்டிக்கொடுக்கும். காலி மதிப்பு பூஜ்யமாக மாறினால் கூட்டல் அசையாது, சராசரி மட்டும் மாறும். ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு விதமான பிழையைப் பிடிக்கிறது.

அதே மாதத்துக்கான ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆகவும் சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) ஆகவும் எடுத்து, அதன் பக்கத்தில் இந்த எண்களையும் ஒரு கோப்பில் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கட்டும். இனி வரும் ஒவ்வொரு படிக்குப் பிறகும் இதே க்வெரிகளை ஓட்டி இந்தக் கோப்புடன் ஒப்பிடப்போகிறோம்.

பணத்தொகை ஃப்ளோட் (தசமங்களைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வகையில் சேமிக்கப்பட்டிருந்தால் கடைசித் தசமங்கள் ஒவ்வொரு முறையும் ஒரேபோல் வரும் என்று நம்ப முடியாது. வரிகளைக் கூட்டும் வரிசை மாறினாலே விடை மிகச் சிறிய அளவில் நகரும். புதிய பதிப்பு ஒரு க்வெரியைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினால் அந்த வரிசை மாறத்தான் செய்யும். பணத்துக்கு டெசிமல் அல்லது நியூமெரிக் வகைதான் சரி. ஃப்ளோட்டில் இருந்தால் அதை இப்போதே குறித்துவையுங்கள். ஆனால் வகையை மாற்றுவதை அப்டேட்டோடு சேர்த்துச் செய்யாதீர்கள்.

படி 3: பேக்கப் எடுங்கள், திரும்ப ஏற்றியும் பாருங்கள்

ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை பேக்கப் என்று கணக்கில் எடுக்காதீர்கள். வேறொரு கணினியில் ஏற்றி, படி 2-ன் க்வெரிகளை அங்கே ஓட்டுங்கள். எண்கள் பொருந்தினால் பேக்கப் நல்லது. அதோடு, ஒத்திகை பார்க்க ஒரு சர்வரும் கையில் கிடைத்துவிடுகிறது.

போஸ்ட்கிரெஸில் பழைய சர்வரிலிருந்து டம்ப் (தரவு முழுவதையும் ஒரு கோப்பாக) எடுக்கும்போதும், புதிய பதிப்புடன் வரும் டம்ப் கருவியையே பயன்படுத்துங்கள். புதிய கருவி பழைய சர்வரைப் புரிந்துகொள்ளும். பழைய கருவி புதிய சர்வரைத் தொட மறுக்கும். 2024 செப்டம்பரில் வந்த போஸ்ட்கிரெஸ் 17-லிருந்து இன்கிரிமென்டல் பேக்கப் வசதி உள்ளேயே வந்துவிட்டது. ஒருமுறை முழு பேக்கப் எடுத்துவிட்டால், அதன் பிறகு மாறிய பகுதிகளை மட்டும் எடுத்தால் போதும். ரீஸ்டோர் செய்யும் நேரத்தில் எல்லாவற்றையும் அதற்கென உள்ள கருவியால் ஒன்றாக இணைக்க வேண்டும். பெரிய டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இது பெரும் நிம்மதி. இதற்காகவே 16-லிருந்து மேலே வரலாம் என்பது என் கருத்து.

படி 4: டிரைவரை முதலில் மாற்றுங்கள்

புதிய டிரைவர் பொதுவாகப் பழைய சர்வருடனும் பேசும். பழைய டிரைவர் புதிய சர்வருடன் பேசும் என்று அப்படிச் சொல்லிவிட முடியாது. எனவே டேட்டாபேஸைத் தொடுவதற்கு முன்பே டிரைவர்களைப் புதுப்பித்து, பழைய டேட்டாபேஸோடு சில நாட்கள் ஓடவிடுங்கள்.

இங்கே இரண்டு மாற்றங்கள் பலரையும் நிறுத்திவிடுகின்றன. எஸ்க்யூஎல் சர்வருக்கான ஓடிபிசி டிரைவர் 18-ல் என்கிரிப்ஷன் (தரவை மறைத்து அனுப்புவது) தானாகவே கட்டாயமாகிவிட்டது. 17-ல் அப்படி இல்லை. சர்வரில் நம்பகமான சான்றிதழ் இல்லாவிட்டால், நேற்று வரை ஓடிய ரிப்போர்ட் இன்று "சான்றிதழை வழங்கியவர் நம்பத்தக்கவர் அல்ல" என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டி நிற்கும். இணைப்பு அமைப்பில் சர்வர் சான்றிதழை அப்படியே நம்பு என்று ஒரு விருப்பம் உண்டு. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் சர்வருக்கு முறையான சான்றிதழ் போடுவதுதான் தீர்வு, இல்லாவிட்டால் நீங்கள் பேசுவது உங்கள் சர்வரோடுதானா என்று சரிபார்க்க வழியே இல்லாமல் போகும்.

மைஎஸ்க்யூஎல்லில் பழைய பாஸ்வேர்டு முறையான நேட்டிவ் பாஸ்வேர்டு, 8.4-ல் தானாகவே அணைக்கப்பட்டு வருகிறது, 9.0-ல் முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. ரிப்போர்ட்டுக்கென்று எப்போதோ உருவாக்கி மறந்துபோன யூசர் கணக்குகள்தான் பெரும்பாலும் இதில் மாட்டும். பயனர் பட்டியலில் எந்தக் கணக்கு எந்த முறையில் இருக்கிறது என்று பார்த்து, 8.0-ல் இருக்கும்போதே புதிய முறைக்கு மாற்றிவிடுங்கள்.

படி 5: டேட்டாபேஸ்

மூன்றில் உங்களிடம் இருப்பதை மட்டும் படித்தால் போதும்.

போஸ்ட்கிரெஸ். 2025 செப்டம்பர் 25-ல் வந்த 18-ல் டிஸ்க்கிலிருந்து படிக்கும் முறையே மாறியிருக்கிறது. ஒரு பக்கத்தைக் கேட்டு, அது வரும்வரை காத்திருந்து, அடுத்ததைக் கேட்பதற்குப் பதிலாக, பல பக்கங்களை ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறது. பெரிய டேபிளை முழுக்கப் படிக்கும் ரிப்போர்ட் க்வெரிகளுக்கு இதன் பலன் நன்றாகத் தெரியும். இன்னொரு மாற்றம் இண்டெக்ஸில், அதாவது தேடலை வேகப்படுத்தும் அகரவரிசைப் பட்டியல் போன்ற அமைப்பில். கிளை, தேதி என்ற இரண்டு காலங்களுக்குச் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். க்வெரியில் தேதியை மட்டும் கேட்டால் முன்பு அந்த இண்டெக்ஸ் அதிகம் உதவாது. இப்போது கிளைக்குக் கிளை தாவித் தாவித் தேட அதனால் முடியும். கிளைகள் குறைவாக இருந்தால் வேகம் நன்றாகக் கூடும், ஆயிரக்கணக்கில் இருந்தால் பெரிதாகக் கூடாது.

பதிப்பு ஏற்றும் வேலைக்கு வருவோம். போஸ்ட்கிரெஸுடன் வரும் பிஜி அப்கிரேட் கருவியை முதலில் செக் விருப்பத்தோடு மட்டும் ஓட்டுங்கள். அது எதையும் மாற்றாது, தடைகளை மட்டும் சொல்லும். 18-ல் பலருக்கும் வரும் தடை டேட்டா செக்சம், அதாவது தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண். புதிதாக உருவாக்கும் கிளஸ்டரில் (ஒரு சர்வரின் டேட்டாபேஸ் தொகுப்பு) இப்போது அது தானாகவே இயங்குகிறது. பழைய கிளஸ்டரில் இல்லாவிட்டால், இரண்டும் பொருந்தவில்லை என்று கருவி நின்றுவிடும். புதியதை செக்சம் இல்லாமல் உருவாக்குவது ஒரு வழி. பழைய சர்வரை நிறுத்தி, அதில் செக்சத்தை இயக்கிவிட்டு ஏறுவது இன்னொரு வழி. நேரம் கிடைத்தால் இரண்டாவதையே செய்யுங்கள். டிஸ்க்கில் சத்தமில்லாமல் கெட்டுப்போகும் தரவைக் கண்டுபிடிக்க அதுதான் துணை.

கோப்புகளை நகலெடுக்காமல் லிங்க் செய்யும் விருப்பம் மிக வேகமானது. ஆனால் புதிய சர்வரை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. டிஸ்க்கில் இடமிருந்தால் நகல் முறையே போதும்.

முன்பெல்லாம் ஏறியவுடன், க்வெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்க உதவும் புள்ளிவிவரங்கள் இல்லாமல் க்வெரிகள் திணறும். 18-க்கு ஏறும்போது பெரும்பாலான புள்ளிவிவரங்கள் கூடவே வந்துவிடுகின்றன. பல காலங்களைச் சேர்த்து நாமே உருவாக்கிய விரிவான புள்ளிவிவரங்கள் மட்டும் வராது. விடுபட்டவற்றுக்கு மட்டும் அனலைஸ் செய்யும் (புள்ளிவிவரம் திரட்டும்) புதிய விருப்பம் வேக்யூம் கருவியில் இருக்கிறது, அதை ஓட்டிவிடுங்கள்.

இதே வேலையோடு சர்வரின் லினக்ஸ் பதிப்பையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் லினக்ஸின் சி நூலகத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. 2018-ல் வந்த அந்த நூலகத்தின் (ஜிலிப்சி) 2.28 பதிப்பில் அந்த வரிசை பெரிய அளவில் மாறியது. பழைய வரிசைப்படி கட்டிய இண்டெக்ஸில், புதிய வரிசைப்படி தேடினால் என்ன ஆகும்? டேபிளில் இருக்கும் ஒரு பெயரைத் தேடினால் "இல்லை" என்று வரும். இரட்டைப் பதிவு கூடாது என்று கட்டுப்பாடு போட்ட காலத்தில் இரட்டைப் பதிவு உள்ளே நுழையும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாற்றியே ஆக வேண்டும் என்றால், எழுத்து வகைக் காலங்களில் உள்ள இண்டெக்ஸ்கள் அனைத்தையும் ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள் (புதிதாகக் கட்டுங்கள்), இண்டெக்ஸைச் சோதிக்கும் ஆம்செக் நீட்சியால் சரிபாருங்கள். டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்றினால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் இண்டெக்ஸ்கள் புதிதாகவே கட்டப்படுகின்றன. 17-லிருந்து போஸ்ட்கிரெஸிலேயே உள்ளடங்கிய வரிசைமுறை ஒன்று உண்டு. புதிதாகத் தொடங்கும் டேட்டாபேஸுக்கு அதைப் பரிசீலியுங்கள்.

மைஎஸ்க்யூஎல். 2024 ஏப்ரலில் வந்த 8.4 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 9.0 முதல் 9.6 வரை வந்தவை குறுகிய கால ஆதரவு மட்டும் உள்ள புதுமைப் பதிப்புகள். ரிப்போர்ட் சர்வருக்கு 8.4-ஐயே நான் பரிந்துரைப்பேன். 5.7-லிருந்து நேராக 8.4-க்குத் தாவ முடியாது, 8.0 வழியாகத்தான் போக வேண்டும். ஏறுவதற்கு முன் மைஎஸ்க்யூஎல் ஷெல்லில் உள்ள அப்கிரேடு செக்கரை ஓட்டினால் சிக்கல்களைப் பட்டியலிட்டுத் தரும். ஏறிய பிறகு அதே டேட்டா டைரக்டரியை வைத்துக்கொண்டு பழைய பதிப்புக்கு இறங்க வழியில்லை என்பதால் படி 3 இங்கே இன்னும் முக்கியம்.

5.7-லிருந்து வருபவர்களை அந்த செக்கரும் முழுமையாகக் காப்பாற்ற முடியாத ஓர் இடம் உண்டு. க்வெரியில் வரிகளைத் தொகுக்கும் குரூப் பை போட்டால் 5.7 விடையைத் தானாகவே வரிசைப்படுத்தியும் தந்தது. 8.0-லிருந்து அப்படித் தருவதில்லை. ஆர்டர் பை (வரிசையைச் சொல்லும் கட்டளை) எழுதாத க்வெரிகள் இப்போது எந்த வரிசையில் வேண்டுமானாலும் விடை தரலாம். மாத வாரியாகத் தொகுத்த பட்டியல் என்றால் மொத்தம் சரியாகவே இருக்கும், ஆனால் மார்ச்சுக்குப் பிறகு ஜனவரி வரும். அதை ஒருவர் ஷீட்டில் ஒட்டி, வரிக்கு வரி முந்தைய மாதத்தைக் கழித்து வளர்ச்சி விகிதம் கணக்கிட்டால் அத்தனையும் தப்பு. முதல் பத்து வரிகளை மட்டும் எடுக்கும் க்வெரி என்றால் வேறு பத்து வரிகள் வரும். குரூப் பை இருந்து ஆர்டர் பை இல்லாத க்வெரிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, வரிசையை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வேறு குறுக்குவழி இல்லை.

எஸ்க்யூஎல் சர்வர். 2025 நவம்பரில் வெளியான 2025 பதிப்பில் ஜேசனுக்குத் தனி வகை, ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஃபங்ஷன்கள், வெக்டர் வகை எல்லாம் வந்துவிட்டன. பதிப்பு ஏற்றினாலும் டேட்டாபேஸின் கம்பாட்டிபிலிட்டி லெவல் (எந்தப் பதிப்பைப் போல நடந்துகொள்வது என்ற அமைப்பு) பழையபடியே நிற்கும் என்பது இங்கே பெரிய வசதி. முதலில் சர்வரை மட்டும் ஏற்றுங்கள். க்வெரிகள் ஓடிய விதத்தைப் பதிவுசெய்யும் க்வெரி ஸ்டோரை இயக்கி, ஒரு மாத முடிவு வேலை முழுவதையும் அது பதிவுசெய்ய விடுங்கள். பிறகு லெவலை 170-க்கு உயர்த்துங்கள். ஏதாவது க்வெரி மந்தமானால் பழைய திட்டம் எது, புதியது எது என்று க்வெரி ஸ்டோரே காட்டும், அந்த ஒரு க்வெரிக்கு மட்டும் பழைய திட்டத்தைக் கட்டாயப்படுத்தவும் முடியும்.

டேட்டாபேஸ் ஏறியதும் படி 2-ன் எண்களை ஒப்பிடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 6: ரிப்போர்ட் மென்பொருள்

எஸ்க்யூஎல் சர்வரோடு வந்த ரிப்போர்ட் மென்பொருளான ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் பயன்படுத்துபவர்களுக்கு முக்கியமான செய்தி: 2025 பதிப்போடு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை. 2022-தான் கடைசி, அதற்கான ஆதரவு 2033 ஜனவரி வரை உண்டு. இனி அந்த இடத்தில் பவர் பிஐ ரிப்போர்ட் சர்வர்தான். பக்க வடிவ ரிப்போர்ட்டுகள் அதிலும் ஓடும். அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் புதிதாக ஒரு ரிப்போர்ட் சர்வர் அமைப்பதாக இருந்தால் இதை மனதில் வைத்துத் தொடங்குங்கள்.

மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட் மென்பொருளான பவர் பிஐயின் டெஸ்க்டாப் பதிப்பு மாதாமாதம் புதுப்பிக்கப்படுகிறது. புதிய மாதத்தில் சேமித்த கோப்பைப் பழைய மாதத்து டெஸ்க்டாப்பில் திறந்தால் சிக்கல் வரும். எனவே ஒரு குழுவில் எல்லோரும் ஒரே பதிப்பில் இருப்பது நல்லது. ரிப்போர்ட் சர்வர் வைத்திருந்தால் அதற்கென்று தனி டெஸ்க்டாப் பதிப்பு இருக்கிறது, மாதாந்தரப் பதிப்பு அதற்குப் பொருந்தாது. டேப்லோ என்ற இன்னொரு ரிப்போர்ட் மென்பொருளிலும் இதே நிலைதான். புதியதில் சேமித்ததைப் பழையதில் திறந்தால் சிக்கல் வரலாம், ஆனால் பழைய பதிப்பு வடிவில் ஏற்றுமதி செய்யும் விருப்பம் உண்டு.

பவர் பிஐயில் 2023 நவம்பரில் டேட்டாசெட் என்ற பெயர் செமான்டிக் மாடல் என்று மாறியது. பழைய வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் மெனுவில் தேடிக் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். அதே சமயத்தில் வந்த டாக்ஸ் க்வெரி வியூ, நம் ஒப்பிடும் வேலைக்கு மிகவும் ஏற்றது. ஒரு மெஷரை (மாடலில் எழுதிவைத்த கணக்கீடு) நேரடியாக ஓட்டி விடையைப் பார்க்கலாம், படங்களையும் ஃபில்டர்களையும் சுற்றிவர வேண்டியதில்லை. சேமித்துவைத்த மாத மொத்தத்தை மாடலின் மொத்தத்தோடு இங்கேயே ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 7: ஷீட்கள்

மற்ற மூன்றையும் ஐடி துறை பார்த்துக்கொள்ளும். ஷீட் மட்டும் ஆளாளுக்கு ஒரு பதிப்பில் இருக்கும், அதனால் இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்.

புதிய ஃபங்ஷன் எதையும் பயன்படுத்துவதற்கு முன், அந்தக் கோப்பைத் திறக்கப்போகும் எல்லோரிடமும் அது இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்லுக்கப், ஃபில்டர், சார்ட் (வரிசைப்படுத்தும் SORT), யூனிக், லெட் ஆகியவை எக்செல் 2021-லிருந்து இருக்கின்றன. லாம்டா, விஸ்டாக், டெக்ஸ்ட்ஸ்ப்ளிட், டேக், டிராப் போன்றவை 2024-லிருந்து. குரூப்பை, பிவட்பை இரண்டும் மைக்ரோசாஃப்ட் 365-ல் மட்டும்தான், எக்செல் 2024-ல் இல்லை. லிப்ரேஆபீஸில் எக்ஸ்லுக்கப், ஃபில்டர், சார்ட், யூனிக், லெட் ஆகியவை 2024 ஆகஸ்டில் வந்த 24.8-லும், விஸ்டாக், டெக்ஸ்ட்ஸ்ப்ளிட் வகையறா 2025 ஆகஸ்டில் வந்த 25.8-லும் சேர்ந்தன. கூகுள் ஷீட்ஸுக்கு எக்ஸ்லுக்கப்பும் லாம்டாவும் 2022-லேயே வந்துவிட்டன. பழைய எக்செலில் புதிய ஃபார்முலா உள்ள கோப்பைத் திறந்தால், கடைசியாகச் சேமித்த விடை செல்லில் தெரிந்துகொண்டே இருக்கும். மீண்டும் கணக்கிட்டால்தான் பெயர் தெரியவில்லை என்ற பிழை வரும். அதுவரை பழைய எண்ணைப் புதியது என்று நினைத்து ஒருவர் படித்துக்கொண்டிருப்பார்.

அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் விலுக்கப்பை எக்ஸ்லுக்கப்பாக மாற்றுவது எல்லோரும் முதலில் செய்யும் வேலை. நல்ல வேலைதான். விலுக்கப்பில் "மூன்றாவது காலத்திலிருந்து எடு" என்று எண்ணால் சொல்கிறோம். நடுவில் யாராவது ஒரு காலத்தை நுழைத்தால் அந்த மூன்று வேறு எதையோ சுட்டும். எக்ஸ்லுக்கப்பில் தேடும் மதிப்பு, தேட வேண்டிய காலம், விடை இருக்கும் காலம் என்று நேரடியாகக் காட்டிவிடுகிறோம். நான்காவதாக, கிடைக்காவிட்டால் என்ன காட்ட வேண்டும் என்றும் எழுதலாம். காலம் நகர்ந்தாலும் ஃபார்முலா கூடவே நகரும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. விலுக்கப்பில் கடைசி இடத்தை எழுதாமல் விட்டால் அது தோராயப் பொருத்தம் தேடும். எக்ஸ்லுக்கப்பில் ஒன்றும் எழுதாவிட்டால் சரியான பொருத்தம் மட்டும்தான். விற்பனை 50,000-ஐத் தாண்டினால் இவ்வளவு சதவீதம், 1,00,000-ஐத் தாண்டினால் இவ்வளவு சதவீதம் என்று அடுக்கு வாரியாகக் கமிஷன் போடும் ஷீட்டில் 63,200 என்ற தொகை அட்டவணையில் எங்கும் இருக்காது. விலுக்கப் அதை 50,000 அடுக்கில் சேர்க்கும். அப்படியே மாற்றி எழுதிய எக்ஸ்லுக்கப் "கிடைக்கவில்லை" என்று சொல்லும். நான்காவது இடத்தில் பூஜ்யம் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பிழை தெரியாது, கமிஷன் பூஜ்யமாகிவிடும். இத்தகைய அட்டவணைகளுக்கு ஐந்தாவது இடத்தில் மைனஸ் 1 எழுதுங்கள். "சரியானது இல்லாவிட்டால் அதற்கு அடுத்த சிறியதை எடு" என்பது அதன் பொருள்.

ஒரு செல்லில் எழுதிய ஃபார்முலா பல செல்களுக்குப் பரவுவதை ஸ்பில் என்கிறோம். பரவ வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் ஸ்பில் பிழை வரும், அந்த இடத்தைக் காலி செய்தால் சரியாகிவிடும். பழைய கோப்பைப் புதிய எக்செலில் திறக்கும்போது சில ஃபார்முலாக்களில் அட் குறி (@) முளைத்திருக்கும். "இந்த வரிக்கு உரிய ஒரு மதிப்பை மட்டும் எடு" என்பதற்கான அடையாளம் அது. பழைய எக்செல் சொல்லாமலே செய்ததைப் புதியது எழுதிக் காட்டுகிறது. அழகுக்காக அதை நீக்காதீர்கள்; நீக்கினால் கணக்கு மாறலாம்.

குரூப்பை பற்றி ஒரு வார்த்தை. தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளை ரிஃப்ரெஷ் செய்ய மறந்து பழைய மொத்தத்தை அனுப்புவது அலுவலகங்களில் அடிக்கடி நடப்பது. குரூப்பை ஒரு ஃபார்முலா என்பதால் மூலத் தரவு மாறியதும் தானே மாறும். எல்லோரும் 365-ல் இருந்தால் மாதாந்தரச் சுருக்க அறிக்கைகளை அதற்கு மாற்றுங்கள். மனதார இதைப் பரிந்துரைக்கிறேன்.

சிஎஸ்வி கோப்புகளை இரட்டைக் கிளிக் செய்து திறக்கும் பழக்கத்தை இந்த அப்டேட்டோடு விட்டுவிடுங்கள். எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் உள்ள பூஜ்யங்கள் மறையும். மரபணு ஆய்வாளர்கள் இதனால் பட்ட பாடு பிரசித்தம்: செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்தும் அமைப்பு 2023-ல்தான் வந்தது. ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் கீழே இருக்கும். முன்பூஜ்யம் நீக்குவது, நீண்ட எண்ணைச் சுருக்குவது ஆகியவற்றை அங்கே நிறுத்திவையுங்கள். மேலே உள்ள டேட்டா மெனுவின் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகத் திறந்தால் ஒவ்வொரு காலத்தின் வகையையும், எழுத்துக் குறியீட்டையும் நாமே தேர்வு செய்யலாம். தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரிந்தால் அங்கே யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம் எங்காவது மிச்சமிருந்தால் அதையும் மாற்றுங்கள். அதன் வரம்பு 65,536 வரிகள், எக்ஸ்எல்எஸ்எக்ஸின் வரம்பு 10,48,576. 2020-ல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டதற்கு இந்தப் பழைய வடிவத்தின் வரம்புதான் காரணம். ஆபத்து எங்கே என்றால், வரம்பைத் தாண்டிய வரிகள் வராமல் போகும், கோப்போ ஒழுங்காகத் திறக்கும்.

பைதான் இப்போது எக்செலுக்குள்ளேயே ஓடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அது உங்கள் கணினியில் ஓடுவதில்லை, மைக்ரோசாஃப்டின் கிளவுடில் ஓடுகிறது. உங்கள் நிறுவனத் தரவு வெளியே போகக் கூடாது என்ற விதி இருந்தால் முதலில் அனுமதி வாங்குங்கள். செல்லுக்குள் எழுதும் ஏஐ ஃபங்ஷன்கள் கருத்துகளை வகைப்படுத்தவும், சுருக்கம் எழுதவும் நன்றாக உதவும். கூட்டல் கழித்தலுக்கு அவற்றைத் தொடாதீர்கள். மீண்டும் கணக்கிடும்போது விடை மாறலாம் என்பதால், வந்த விடையை மதிப்பாக மட்டும் ஒட்டிவைத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

லட்சக்கணக்கான வரிகளோடு ஷீட் திணறினால், 2024 ஜூனில் 1.0 பதிப்பை எட்டிய டக்டிபி என்ற சிறிய டேட்டாபேஸைப் பாருங்கள். சர்வர் தேவையில்லை, சிஎஸ்வி கோப்பின் மீதே நேரடியாக எஸ்க்யூஎல் (க்வெரி எழுதும் மொழி) ஓட்டலாம். பழைய சிஎஸ்வியையும் புதிய சிஎஸ்வியையும் இரண்டு டேபிள்களாக வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிகளைக் கேட்டால் வித்தியாசம் எந்த வரியில் என்பது உடனே தெரிந்துவிடும். படி 2-ன் ஒப்பீட்டை நான் இப்படித்தான் செய்கிறேன்.

படி 8: பழையதை எப்போது நிறுத்துவது?

நேரடிச் சர்வரில் மாற்றும் நாளில் ஒத்திகையில் செய்த அதே கட்டளைகளை, அதே வரிசையில், எழுதிவைத்த தாளைப் பார்த்தே செய்யுங்கள். புதிதாக எதையும் அன்று முயல வேண்டாம். எந்த நேரத்துக்குள் எண்கள் பொருந்தாவிட்டால் பழையதற்குத் திரும்புவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். வேலை நடுவில் நிற்கும்போது அந்த முடிவை எடுக்க முடியாது.

பிறகு பழைய சர்வரை எழுத முடியாதபடி படிக்க மட்டும் திறந்துவைத்து, ஒரு மாத முடிவு புதியதில் முழுமையாக முடியும்வரை காத்திருங்கள். மாத முடிவில் மட்டும் ஓடும் க்வெரிகள், கணக்குத் துறையில் ஒருவர் மட்டும் திறக்கும் ஷீட்கள் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அந்த மாதத்தின் எண்களும் சரிபார்க்கப்பட்டால், பழையதிலிருந்து கடைசியாக ஒரு பேக்கப் எடுங்கள். அதைத் திறக்கத் தேவையான பதிப்பின் இன்ஸ்டாலரையும் அதே இடத்தில் வைத்து, பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டு, சர்வரை நிறுத்துங்கள்.